புது லப்டொப்பில் சத்தமே இல்லை: உபுண்டு 20.04, இன்டெல் 12ஆம் தலைமுறை. உதவி தேவை

கொக்குவில் ரீச்சர் | திங்கள், இரவு 7.50

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். விவரம் குறைந்தால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவரும்.

மாலையில் வீட்டில் வைத்துச் சில பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருவர் உயர்தரம் கலைப்பிரிவு. பிறவியிலேயே பார்வை இல்லை. மூன்று வருடமாக என்னுடைய பழைய லப்டொப்பில்தான் பழகினார். அதில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஓர்கா திரைவாசிப்பான், அதற்கு ஈஸ்பீக் மென்பொருளின் தமிழ்க் குரல், ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் இருக்கின்றன. எந்தக் குறுக்குவிசை எங்கே என்று அவருடைய விரலுக்கே தெரியும்.

கனடாவில் இருக்கும் அவருடைய மாமா போன வாரம் புது லப்டொப் ஒன்று அனுப்பியிருக்கிறார். இன்டெல் ஐ5, 12ஆம் தலைமுறை. பழகிய ஒழுங்கு மாறக்கூடாது என்று, என்னிடம் இருந்த பழைய பென் டிரைவில் இருந்து அதே 20.04 ஐ நிறுவினேன். நிறுவுவதில் சிக்கல் வரவில்லை. ஆனால் சத்தம் இல்லை. செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தைத் திறந்தால் "டம்மி அவுட்புட்" என்ற ஒன்றுதான் தெரிகிறது. வைஃபையும் இல்லை. விண்டோஸ் இருந்தபோது இதே ஸ்பீக்கரில் பாட்டு வடிவாகக் கேட்டது, ஆகவே ஸ்பீக்கரில் பழுது இல்லை.

எனக்குச் சத்தம் வராவிட்டால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். அவருக்குச் சத்தம் வராவிட்டால் கணினியே இல்லை. லப்டொப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது ஓனில் இருக்கா, ஓஃபில் இருக்கா?" என்று கேட்டார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

செய்து பார்த்தவை: லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவை மீளத் தொடக்கினேன். ஒலி அளவை மாற்றும் அல்சாமிக்சரைத் திறந்தால் மிக்சரைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. எங்கோ வாசித்து, டிரைவர்களுக்கான மொட்புரோப் கோப்பில் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற ஓடியோ டிரைவருக்கு "மொடல்=ஜெனெரிக்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. எந்த டிரைவரை எங்கிருந்து இறக்குவது?

நல்லூரான் | திங்கள், இரவு 8.35

ரீச்சர், முதலில் அந்தத் தம்பிக்குச் சத்தம் வரட்டும், காரணத்தைப் பிறகு தேடுவோம். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் அவர் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

ரவுணில் கணினிப் பொருள் விற்கும் கடையில் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் என்று கேளுங்கள். பெருவிரல் அளவில், 3.5 மிமீ ஓட்டையோடு ஒரு டொங்கிள் தருவார்கள். யூஎஸ்பி ஹெட்செட் இருந்தால் அதுவும் போதும். இந்தப் பொருட்களுக்கு என்று ஒரு பொதுத் தரம் உண்டு. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் எஸ்என்டி-யூஎஸ்பி-ஓடியோ என்ற ஒரே டிரைவர் போதும். அது பழைய கேர்னலிலும் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. செருகியவுடன் ஓர்கா கதைக்கும். புளூடூத் ஹெட்செட் வாங்க வேண்டாம். வைஃபை இல்லை என்கிறீர்கள், பெரும்பாலும் புளூடூத்தும் அதே சில்லில்தான் இருக்கும்.

இனிக் காரணத்துக்கு வருவோம். டெர்மினலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். "யூநேம் -ஆர்" என்ன கேர்னல் எண் காட்டுகிறது? "எல்எஸ்பிசிஐ -என்என்கே" அடித்தால் வரும் நீண்ட சாதனப் பட்டியலில் ஓடியோ என்ற வரியையும் அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்று வரிகளையும் அப்படியே எழுதுங்கள். கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் எஸ்என்டி, சோஃப் என்ற சொற்களைத் தேடினால் ஏதாவது வருகிறதா?

இதைப் பார்க்கும்வரை எந்த டிரைவரையும் இறக்க வேண்டாம்.

பருத்தித்துறைப் பெடியன் | திங்கள், இரவு 9.10

ஏன் இவ்வளவு சுற்று? 24.04 போட்டால் எல்லாம் வந்துவிடும். 20.04 க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

கொக்குவில் ரீச்சர் | செவ்வாய், மாலை 6.20

நல்லூரான் அண்ணை, மிக்க நன்றி. டொங்கிளைப் பகலில் வாங்கிவிட்டேன். செருகிய கணமே ஓர்கா கதைத்தது! அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நேராக லிப்ரெஓபிஸைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் கேட்டவை: கேர்னல் 5.4.0-42-ஜெனெரிக். எல்எஸ்பிசிஐயில் 00:1எஃப்.3 என்ற இடத்தில் மல்டிமீடியா ஓடியோ கன்ட்ரோலர், இன்டெல், 8086:51சி8. அதற்குக் கீழே சப்சிஸ்டம் வரி மட்டும். மற்றச் சாதனங்களுக்கு "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கிறது. இதற்கு அந்த வரியே இல்லை. டிமெசேஜில் டொங்கிளைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது, சோஃப் என்று எதுவும் இல்லை.

பருத்தித்துறைத் தம்பி, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவருக்குப் பரீட்சை கிட்ட வந்துவிட்டது. புதுப் பதிப்பில் மெனுக்களும் ஓர்காவின் நடத்தையும் மாறியிருக்கும். கண் தெரிந்தவருக்கு அது ஒரு நாள் வேலை. அவருக்கு ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டுத் திரும்ப மனப்பாடம் செய்ய வேண்டும்.

நல்லூரான் | செவ்வாய், இரவு 8.05

நீங்கள் தந்ததில் விடை இருக்கிறது, ரீச்சர். "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" வரி இல்லாததுதான் அது. எந்த டிரைவரும் அந்தச் சாதனத்தைப் பிடிக்கவில்லை. பிடிக்காத டிரைவருக்கு மொடல்=ஜெனெரிக் என்று என்ன கொடுத்தும் பயன் இல்லை. அந்த வரியை இப்போதே அழித்துவிடுங்கள். பிறகு டிரைவர் வரும்போது அது இடைஞ்சல் தரும்.

ஏன் பிடிக்கவில்லை என்று விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு கிழமைக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்.

விண்டோஸில் பழகியவர்கள் டிரைவர் என்றால் கம்பனித் தளத்தில் இருந்து இறக்கும் ஒரு கோப்பு என்று நினைக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கேர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் தான் கையாளக்கூடிய சில்லுகளின் எண் பட்டியல் ஒன்று இருக்கும். கேர்னல் எழுந்ததும் ஒவ்வொரு சாதனத்தின் எண்ணையும் பார்த்து, பட்டியலில் இருந்தால் டிரைவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் எண் 8086:51சி8. 8086 இன்டெலைக் குறிக்கும். 51சி8 என்பது 12ஆம் தலைமுறை லப்டொப்களில் வரும் ஓடியோ. அந்தத் தலைமுறை லப்டொப் சில்லுகள் 2022 தொடக்கத்தில்தான் வெளிவந்தன. 5.4 கேர்னல் வெளிவந்தது 2019 நவம்பரில். பிறக்காத பிள்ளையின் பெயர் இடாப்பில் எப்படி இருக்கும்? வைஃபை இல்லாததற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது விஷயம், இதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். புது லப்டொப்களில் ஓடியோவின் கட்டமைப்பே மாறிவிட்டது. 2004 இல் இன்டெல் எச்டி ஓடியோ என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் நீண்ட காலம் ஒரு கன்ட்ரோலர், அதில் தொங்கும் டிஜிட்டல் தரவைச் சத்தமாக மாற்றும் ரியல்டெக் போன்ற ஒரு கோடெக் சில்லு, இரண்டையும் கவனிக்கும் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற ஒரே டிரைவர், அவ்வளவுதான். உங்கள் பழைய லப்டொப் அந்த வகை. இப்போது வருபவற்றில் திரைக்கு மேலே உள்ள டிஜிட்டல் மைக்குகள் கோடெக்குக்குப் போவதில்லை. சிப்செட்டுக்குள் இருக்கும் டிஎஸ்பி என்ற சிறிய செயலிக்கு நேரே போகின்றன. அந்தச் செயலிக்கு என்று தனி மென்பொருள் வேண்டும். அதற்காக 2018 இல் அறிவிக்கப்பட்ட திறந்த மூலத் திட்டம்தான் சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சோஃப். ஆகவே கேர்னலுக்குள் சோஃப் டிரைவர் வேண்டும், வட்டில் சோஃப் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், எந்த ஓட்டை ஸ்பீக்கர், எது மைக் என்று சொல்லும் யூசிஎம் அமைப்புக் கோப்புகளும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனிதர்கள் "டிரைவர் இல்லை" என்றுதான் சொல்வார்கள். எது குறைகிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

முதலில் கேர்னல். உபுண்டு 20.04 ஐ அப்படியே வைத்துக்கொண்டு கேர்னலை மட்டும் புதிதாக்க அவர்களே ஒரு வழி தருகிறார்கள். லினக்ஸ்-ஜெனெரிக்-எச்டபிள்யூஇ-20.04 என்ற பொதியை நிறுவினால் 5.15 வரும். மேசை, மெனு, ஓர்கா எதுவும் மாறாது. போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடுங்கள், வைஃபை டிரைவர் இல்லாமலே இணையம் வரும்.

தம்பி 24.04 என்றது தொழில்நுட்பப்படி சரி. பரீட்சை முடிந்த பிறகு நானும் அதைத்தான் சொல்வேன். இப்போது வேண்டாம்.

சுன்னாகத்தான் | செவ்வாய், இரவு 9.40

என் அனுபவத்தையும் சொல்கிறேன், ரீச்சருக்கு உதவும். போன வருடம் இதே மாதிரிப் பிரச்சினை வந்தபோது உபுண்டுவின் மெயின்லைன் தொகுப்பில் இருந்து ஆகப் புதிய கேர்னலை இறக்கிப் போட்டேன். மறுபடி தொடக்கினால் "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று நின்றுவிட்டது. அந்தக் கேர்னல்களுக்குக் கையொப்பம் இல்லை, தொடங்கும்போது கையொப்பம் பார்க்கும் செக்யூர் பூட் அவற்றை உள்ளே விடாது. கணினி தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிந்து மீண்டு வந்தேன்.

அதற்கு முதல் நாள் இன்னொன்றும் நடந்தது. ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து, சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பல்ஸ்ஓடியோ என்ற மென்பொருளை முழுதாக நீக்கினேன். அது உபுண்டு-டெஸ்க்டொப் பொதியையும் செட்டிங்ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நீக்கப் போகும் பட்டியலை வாசிக்காமல் ஆம் என்று "வை" எழுத்தை அடித்தது என் பிழை.

நல்லூரான் | செவ்வாய், இரவு 10.00

சுன்னாகத்தாரின் முதல் பந்தியை ரீச்சர் இரண்டு தரம் வாசியுங்கள். குரப் மெனு கதைக்காது. அங்கே நின்றுவிட்டால் அந்தத் தம்பிக்கு எங்கே நிற்கிறது என்றே தெரியாது. எச்டபிள்யூஇ கேர்னல் கையொப்பத்தோடு வருகிறது, செக்யூர் பூட்டைத் தொடத் தேவையில்லை.

கொக்குவில் ரீச்சர் | புதன், இரவு 8.15

எங்கள் வீட்டில் சிக்னல் போதாது, டெதரிங் அறுந்து அறுந்து போனது. ஆகவே ரவுணில் ஒரு சிநேகிதியின் வீட்டில் கேர்னல் பொதிகளைப் பென் டிரைவில் இறக்கிவந்து நிறுவினேன். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மொடியூல்ஸ், லினக்ஸ்-ஹெடர்ஸ். யூநேம் இப்போது 5.15 காட்டுகிறது. ஆனால் உள் ஸ்பீக்கரில் இன்னும் சத்தம் இல்லை. "டிரைவர் இன் யூஸ்" வரியும் வரவில்லை. அதைவிட மோசம், டொங்கிளும் வேலை செய்யவில்லை! நல்ல காலம், அவரிடம் கொடுக்க முதல் பார்த்தேன்.

நல்லூரான் | புதன், இரவு 8.30

பதற வேண்டாம் ரீச்சர். லினக்ஸ்-மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்று நான்காவது பொதி ஒன்று உண்டு, அதை எடுக்கவில்லை. உபுண்டு தன் கேர்னல் மொடியூல்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சேர்வர்களுக்கு வேண்டிய அடிப்படை முதலாவதில். ஓடியோ, வைஃபை போன்றவை எக்ஸ்ட்ராவில். டொங்கிளின் டிரைவரும் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் அதுவும் நின்றது. நேரே இணையத்தில் இருந்து நிறுவியிருந்தால் அதுவாகவே வந்திருக்கும். கையால் பொறுக்கும்போது இது தவறுவது சாதாரணம், நானும் ஒருமுறை தவறவிட்டுப் பாதி நாள் தேடியிருக்கிறேன்.

யூநேம் காட்டும் எண்ணும் எக்ஸ்ட்ரா பொதியின் எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதுவரைக்கும் குரப்பில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" போய் 5.4 ஐத் தெரிவுசெய்து கொடுங்கள், டொங்கிள் வேலை செய்யும்.

கொக்குவில் ரீச்சர் | வியாழன், மாலை 5.45

எக்ஸ்ட்ரா போட்டாயிற்று. டொங்கிள் திரும்ப வந்தது. இப்போது எல்எஸ்பிசிஐயில் "கேர்னல் டிரைவர் இன் யூஸ்: சோஃப்-ஓடியோ-பிசிஐ-இன்டெல்-டிஜிஎல்" என்று வருகிறது. ஆனால் உள் ஸ்பீக்கர் இன்னும் இல்லை. டிமெசேஜில் சிவப்பு எழுத்தில்: சோஃப்-ஏடிஎல்.ஆர்ஐ கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2. அதற்குக் கீழே, சோஃப் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, சோஃப்-பின் தொகுப்பில் இருந்து இறக்க வேண்டியிருக்கலாம் என்று அதுவே சொல்கிறது. டிஜிஎல் என்றால் 11ஆம் தலைமுறை அல்லவா? பிழையான டிரைவரா?

நல்லூரான் | வியாழன், இரவு 7.30

மிக நல்ல செய்தி ரீச்சர். டிரைவர் சரிதான், 11க்கு எழுதியதே 12ஐயும் கவனிக்கிறது, பெயர் மட்டும் பழையது. பிழை -2 என்றால் "கோப்பு இல்லை" என்பது மட்டும்தான். சில்லில் கோளாறு இல்லை.

ஏன் இல்லை? உங்கள் பென் டிரைவில் இருந்த 20.04 நிறுவல் கோப்பு (ஐஎஸ்ஓ) 2020 இல் செய்தது. அதில் உள்ள லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியும் அந்தக் காலத்தது. புதுக் கேர்னலை நிறுவும்போது ஏதாவது ஒரு லினக்ஸ்-ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், அதைப் புதுப்பிக்காது. புதுக் கேர்னலும் பழைய ஃபர்ம்வேரும் சேர்ந்தால் இப்படித்தான்.

சோஃப் திட்டத்தார் வெளியிடும் சோஃப்-பின் தொகுப்பை இறக்குங்கள். அது பெரிதில்லை. சுருக்கிய கோப்பாகவே பென் டிரைவில் கொண்டுவந்து, லினக்ஸ் வட்டுக்குள் பிரதிபண்ணிய பிறகுதான் விரிக்க வேண்டும். இது முக்கியம். உள்ளே பல கோப்புகள் உண்மையான கோப்புகள் அல்ல, வேறு கோப்பைக் காட்டும் இணைப்புகள். சோஃப்-ஏடிஎல்.ஆர்ஐ என்பதும் இன்டெல்-சைன்ட் என்ற உறைக்குள் இருக்கும் கோப்புக்கான இணைப்புத்தான். பென் டிரைவின் ஃபாட் வடிவத்தில் விரித்தால் அந்த இணைப்புகள் அழிந்துபோகும். கோப்பு இருப்பது போலத் தெரியும், ஆனால் ஏறாது.

விரித்தபின் அதில் இருக்கும் நிறுவு நிரலை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் /லிப்/ஃபர்ம்வேர்/இன்டெல்/ உறைக்குள் சோஃப், சோஃப்-டிபிஎல்ஜி என்று இரண்டும் போய் அமரும். ஒன்று ஃபர்ம்வேர். மற்றது டொபோலொஜி, அதாவது டிஎஸ்பிக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடம். இரண்டும் வேண்டும். பிறகு லப்டொப்பை முழுதாக ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்.

வைஃபைக்கு லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பிக்க வேண்டும். அது சில நூறு எம்பி, இரவு டேட்டாவில் போடுங்கள்.

இன்னொரு குறுக்குவழியையும் யாராவது சொல்வார்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். குரப் கட்டளை வரியில் எஸ்என்டி_இன்டெல்_டிஎஸ்பிசிஎஃப்ஜி.டிஎஸ்பி_டிரைவர்=1 என்று சேர்த்தால் சோஃபை விட்டுப் பழைய எச்டிஏ டிரைவர் ஏறும், பல லப்டொப்களில் ஸ்பீக்கர் வரும். ஆனால் உள் மைக் செத்துவிடும், ஏனென்றால் அது டிஎஸ்பியோடுதான் பிணைந்திருக்கிறது. மைக் தேவையே இல்லை என்பவருக்கு அது போதும். குரல் பதிவு அனுப்பும் ஒரு மாணவனுக்குப் போதாது.

பருத்தித்துறைப் பெடியன் | வியாழன், இரவு 8.50

அண்ணை, இடையில் என்னுடையதையும் கேட்கலாமா? ஏஎம்டி ரைசன் 6000 வரிசை, உபுண்டு 22.04, கேர்னல் 5.15. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. உள் மைக் மட்டும் இல்லை. நானும் சோஃப்-பின் போடவா?

நல்லூரான் | வியாழன், இரவு 9.15

வேண்டாம் தம்பி, உங்கள் நோய் வேறு. ஏஎம்டியில் ஸ்பீக்கர் எச்டிஏ வழியாகவும், மைக் ஏசிபி என்ற தனிப் பகுதி வழியாகவும் வருகின்றன. 6000 வரிசையின் ஏசிபிக்கு உரிய டிரைவர் 5.15 இல் இல்லை, அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. 22.04 க்கும் எச்டபிள்யூஇ உண்டு, அதில் 6.8 கிடைக்கும். அதைப் போடுங்கள்.

போட்ட பிறகும் வராவிட்டால் மனம் விட வேண்டாம். அந்த டிரைவருக்குள் லப்டொப் மொடல்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது, பெயர் இருந்தால்தான் மைக்கை இயக்கும். சூடோவோடு "டிமைடிகோட் -எஸ் சிஸ்டம்-புரொடக்ட்-நேம்" அடித்து உங்கள் மொடல் பெயரை எடுத்து, அல்சா மேம்பாட்டாளர்களுக்கு எழுதினால் சேர்த்துவிடுவார்கள். ஒரு சில வரித் திருத்தம்தான். அந்தப் பட்டியலில் பல மொடல்கள் இப்படிப் பாவனையாளர் எழுதிச் சேர்ந்தவைதான்.

வேறு யாருக்காவது ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் மட்டும் வராவிட்டால் அது மூன்றாவது வகை. சில புது லப்டொப்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் சத்தத்தைக் கூட்டித் தரும் சிரஸ் லொஜிக் சிஎஸ்35எல்41 போன்ற தனி அம்ப் சில்லு இருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப வேறு டிரைவர் வேண்டும். அது 5.17 கேர்னலில் தொடங்கி மொடல் மொடலாகச் சேர்ந்து வருகிறது. டிஐ கம்பனியின் டிஏஎஸ்2781 அம்ப் என்றால் 6.6 ஆவது வேண்டும். அங்கே ஃபர்ம்வேரை எத்தனை தரம் மாற்றினாலும் பழைய கேர்னலில் ஒன்றும் நடக்காது.

ஸ்காபரோவிலிருந்து | வெள்ளி, காலை 6.05

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன். தங்கச்சியின் மகளுக்கு அடுத்த மாதம் ஒரு லப்டொப் அனுப்ப இருக்கிறேன், அவளும் லினக்ஸ்தான் பாவிக்கிறாள். அனுப்ப முதல் நான் இங்கே என்ன பார்க்க வேண்டும்? அங்கே வந்த பிறகு திருப்பி அனுப்புவது நடக்காத காரியம்.

நல்லூரான் | வெள்ளி, காலை 7.20

அண்ணை, இதைக் கேட்டதற்கு நன்றி. அவள் எந்தப் பதிப்புப் பாவிக்கிறாளோ அதையே பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, ஹெட்போனில் ஒரு பாட்டு, உள் மைக்கில் உங்கள் குரலைப் பதிந்து திரும்பக் கேட்பது, வைஃபை, மூடித் திறந்தபின் சத்தம் திரும்ப வருகிறதா என்பது. பத்து நிமிடம் போதும். ஸ்பீக்கரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம், மைக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் நன்றாக ஓடுவது எதையும் நிரூபிக்காது.

போன வருடத்து மொடலை வாங்கினால் தொல்லை குறைவு. கடைக்கு வந்து ஒரு மாதமான லப்டொப்பும் இரண்டு மூன்று வருடப் பழைய லினக்ஸும் ஒத்துப்போவது அரிது. இன்டெல் கோர் அல்ட்ரா என்று வருபவற்றுக்கு ஃபர்ம்வேர் இருக்கும் உறையே வேறு, சோஃப்-ஐபிசி4 என்று பெயர். அவற்றில் 20.04 ஐ நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கொக்குவில் ரீச்சர் | வெள்ளி, இரவு 9.30

சத்தம் வந்துவிட்டது!!

நீங்கள் சொன்னபடியே செய்தேன் அண்ணை. சுருக்கிய கோப்பை வீட்டு உறைக்குள் வைத்து விரித்தேன், நிறுவு நிரலை ஓட்டினேன், முழுதாக ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். டொங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே லொகின் பண்ணச் சொன்னேன். ஓர்கா லப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே கதைத்தது. ஒலிச் சாதனங்களைப் பட்டியலிடும் ஏபிளே -எல் இப்போது சோஃப்-எச்டிஏ-டிஎஸ்பி என்று காட்டுகிறது.

ஒன்றுதான் மிச்சம், மைக். பதிவு செய்தால் வெறும் அமைதி. சவுண்ட் பக்கத்தில் இன்புட் என்று எதுவும் இல்லை.

நல்லூரான் | வெள்ளி, இரவு 10.10

வாசித்ததும் மனது நிறைந்தது ரீச்சர். அந்தத் தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

மைக்குக்கு மூன்றாவது பகுதிதான் மிச்சம், யூசிஎம். அல்சா-யூசிஎம்-கொன்ஃப் என்ற பொதியும் 2020 காலத்ததாகவே இருக்கும், அதைப் புதுப்பியுங்கள். மிகச் சிறிய பொதி. பிறகு "பல்ஸ்ஓடியோ -கே" அடித்தால் பல்ஸ்ஓடியோ நின்று தானாகத் திரும்பத் தொடங்கும். அதற்கு முதல் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், அந்த நேரம் ஓர்காவின் குரல் நின்றுபோகும், திரும்பி வராமலும் போகலாம். சொல்லாமல் செய்தால் திரும்பவும் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பயந்துவிடுவார். வராவிட்டால் லொக்அவுட் பண்ணி உள்ளே வாருங்கள்.

அதன்பின் அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தி சோஃப் கார்டைத் தெரிந்து, எஃப்4 இல் டிமைக்0 என்ற பட்டை அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உயர்த்துங்கள்.

கொக்குவில் ரீச்சர் | ஞாயிறு, மாலை 4.00

மைக் வேலை செய்கிறது. யூசிஎம் பொதியைப் புதுப்பித்ததும் இன்புட் பட்டியலில் டிஜிட்டல் மைக் வந்தது. டிமைக்0 மிகக் கீழே இருந்தது, உயர்த்தினேன். சனி இரவு டெதரிங்கை விடியும்வரை விட்டு லினக்ஸ்-ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன், வைஃபையும் வந்துவிட்டது. முதல் வேலையாகக் கனடா மாமாவுக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

20.04 இன் ஆதரவு பற்றித் தம்பி சொன்னதையும் மறக்கவில்லை. உபுண்டு புரோ தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினிவரை இலவசம் என்று பார்த்து, அதில் பதிந்துவிட்டேன். பரீட்சைவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 24.04 ஐப் பென் டிரைவில் லைவாகவும் ஓட்டிப் பார்த்தோம். ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தியவுடன் ஓர்கா கதைத்தது, ஸ்பீக்கர், மைக், வைஃபை எல்லாம் எதையும் தொடாமலே வந்தன. பரீட்சை முடிந்ததும் மாறுவோம் என்று அவரே சொல்லிவிட்டார். அண்ணை, அப்போது லொகின் திரையில் எக்ஸ்ஓர்க்கைத் தெரிவதா, வேலண்டிலேயே விடுவதா (இரண்டும் திரையைக் கையாளும் அமைப்புகள்) என்று உங்களிடம்தான் கேட்பேன்.

டொங்கிளைத் திருப்பித் தரக் கேட்டேன், தரவில்லை. பள்ளிக்கூடத்துக் கணினியில் சத்தம் வராவிட்டால் தேவைப்படும் என்று பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.